புரோகிரசிவ் இண்டஸ்ட்ரீஸ் இ.எம்.எஸ்.-பி.டி.50எக்ஸ்: ஆர்.வி.க்கான மின்காப்புக் கருவி, மூன்று ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

அமெரிக்காவில் ஆர்.வி. என்கிற, உள்ளேயே தங்கும் வசதியுள்ள சுற்றுலா வண்டி வைத்திருப்பவர்கள், அதை நிறுத்தித் தங்கும் இடமான கேம்ப்கிரவுண்டில் இறங்கியதும் செய்கிற முதல் வேலை, தங்களுக்கு ஒதுக்கப்பட்ட இடத்தின் ஓரத்தில் நட்டிருக்கும் மின்பெட்டியில் வண்டியின் தடித்த கேபிளைச் செருகுவதுதான். பெடஸ்டல் என்று இங்கே அழைக்கப்படும் அந்தப் பெட்டியில் வருகிற மின்சாரம் ஒழுங்கானதுதானா என்று பெரும்பாலோர் பார்ப்பதில்லை. விளக்கு எரிந்தால் போதும் என்று இருந்துவிடுகிறார்கள். நாங்களும் முதல் இரண்டு ஆண்டுகள் அப்படித்தான் இருந்தோம். இரண்டு ஏ.சி. பொருத்திய, 50 ஆம்பியர் இணைப்புள்ள டிரெய்லர் எங்களுடையது. அதற்காக நான் வாங்கிப் பயன்படுத்திவரும் காப்புக் கருவியைப் பற்றி எழுதுமுன், அதை வாங்க வைத்த இரவைச் சொல்லிவிடுகிறேன்.

அக்டோபர் மாதம், மலைப்பகுதியில் ஒரு தனியார் கேம்ப்கிரவுண்ட். பிள்ளைகள் டி.வி. பார்த்துக்கொண்டிருந்தார்கள்; தரையில் 1,500 வாட் மின்கணப்பு எரிந்துகொண்டிருந்தது. திடீரென்று கணப்பின் சிவந்த கம்பி மங்கிக் கறுத்தது. மின்சாரம் போய்விட்டது என்று நினைத்துத் தலையை நிமிர்த்தினேன். ஆனால் மைக்ரோவேவ் அடுப்பின் கடிகார எண்கள் அதுவரை நான் பார்த்திராத பிரகாசத்தில் ஒளிர்ந்துகொண்டிருந்தன. ஐந்தாறு நொடிகளுக்குள் டி.வி. அணைந்தது, பிளாஸ்டிக் கருகும் நாற்றம் வந்தது. என் மனைவி உடனே பிரேக்கரை இறக்கியதால் அத்தோடு நின்றது. டி.வி.யும் மைக்ரோவேவின் சர்க்யூட் போர்டும் போயின. பெடஸ்டலில் இருந்த பிரேக்கரோ டிரெய்லருக்குள் இருந்த பிரேக்கரோ ஒன்றுகூடத் தானாக விழவில்லை.

ஊரில் தெருக்கம்பத்தில் நியூட்ரல் அறுந்து, வரிசையாக வீடுகளில் டி.வி.யும் ஃபிரிட்ஜும் கருகிய கதையைக் கேட்காமல் வளர்ந்தவர்கள் நம்மில் குறைவு. எங்களுக்கு நடந்ததும் அதேதான். 50 ஆம்பியர் ஆர்.வி. இணைப்பில் நான்கு கம்பிகள் உண்டு: இரண்டு பேஸ், ஒரு நியூட்ரல், ஒரு எர்த். ஒவ்வொரு பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 120 வோல்ட். இரண்டு பேஸ்களுக்கும் இடையே 240 வோல்ட். டிரெய்லரில் உள்ள சாதனங்கள் இரண்டு பேஸ்களிலும் பிரித்து இணைக்கப்பட்டிருக்கும். நியூட்ரல் பிடிமானம் விட்டுப்போனால், ஒரு பக்கத்துச் சாதனங்களும் மறுபக்கத்துச் சாதனங்களும் 240 வோல்ட்டுக்கு நடுவே ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரில் மாட்டிக்கொள்கின்றன. ஒரு பக்கம் 1,500 வாட் கணப்பும் மறுபக்கம் 150 வாட் அளவுக்குச் சிறு சாதனங்களும் இருப்பதாக வைத்துக் கணக்குப் போட்டால், கணப்புக்கு ஏறக்குறைய 22 வோல்ட்டும் சிறு சாதனங்களுக்கு 218 வோல்ட்டும் கிடைக்கும். கணப்பு ஏன் மங்கியது, மைக்ரோவேவ் ஏன் பிரகாசித்தது என்பதற்கு விடை அந்த இரண்டு எண்களில் இருக்கிறது. அப்போது கம்பியில் ஓடுகிற மின்னோட்டம் 2.3 ஆம்பியருக்கும் குறைவு. பிரேக்கருக்குத் தெரிந்தது மின்னோட்டம் மட்டுமே. வோல்டேஜ் எவ்வளவு என்பது அதற்குத் தெரியாது. 50 ஆம்பியர் பிரேக்கரின் கண்ணுக்கு அந்த இரவு எல்லாம் அமைதியாகவே இருந்திருக்கும்.

மறுநாள் காலையில் பெடஸ்டலைத் திறந்து பார்த்தபோது, நியூட்ரல் துளையைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் பழுப்பேறி உருகியிருந்தது. வீட்டுச் சுவரில் இருக்கும் பெரிய சாக்கெட்டில் ஆண்டுக்கு ஒருமுறை பிளக்கைச் செருகுவோமா என்பதே சந்தேகம். கேம்ப்கிரவுண்ட் சாக்கெட்டிலோ இரண்டு மூன்று நாளுக்கு ஒரு குடும்பம் வந்து செருகிப் பிடுங்குகிறது. அதிலும் பலர் பிரேக்கரை அணைக்காமலே பிடுங்குகிறார்கள். ஒவ்வொரு முறையும் தீப்பொறி தெறித்து உள்ளிருக்கும் பித்தளை அரிக்கிறது, பற்றிப் பிடிக்கும் ஸ்பிரிங் தளர்கிறது, மழை ஈரத்தில் பச்சை பூக்கிறது. இவற்றோடு, ஒரே ஒரு சிறு ஏ.சி. ஓடிய காலத்தில் கேபிள் பதித்த பழைய இடங்களில் இன்று இரண்டு மூன்று ஏ.சி.க்களோடு வண்டிகள் வந்து நிற்கின்றன.

அந்தப் பயணம் முடிந்த வாரமே கடைகளில் தேடத் தொடங்கினேன். அப்போது நான் செய்யவிருந்த தவறைப் பலரும் செய்கிறார்கள் என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ‘சர்ஜ் புரொடெக்டர்’ என்ற பெயரில் 100 டாலர் சுமாருக்கு விற்பனையாகும் கருவிகள் வேறு, ‘இ.எம்.எஸ்.’ என்று விற்பனையாகும் கருவிகள் வேறு. முதல் வகை, மின்னல் முதலியவற்றால் நொடியில் மிகச் சிறு பகுதி நேரம் பாய்ந்து வரும் உயர் அழுத்தத்தை உள்ளிருக்கும் வேரிஸ்டர்கள் என்ற சிறு காப்புப் பாகங்களில் வாங்கிக்கொள்ளும். சில மாதிரிகள் கம்பிகள் மாறியிருக்கின்றனவா என்பதை விளக்கு எரித்துக் காட்டவும் செய்யும். ஆனால் மின்சாரத்தைத் துண்டிக்காது. நியூட்ரல் அறுந்து 218 வோல்ட் தொடர்ந்து வந்துகொண்டே இருந்தால், அந்த வேரிஸ்டர்கள் தாமும் எரிந்துபோகும், உங்கள் டி.வி.யும் எரியும். இரண்டாவது வகை மின்சாரத்தை இடைவிடாமல் அளந்து, எல்லை மீறினால் உள்ளிருக்கும் காண்டாக்டர் என்ற தானியங்கி சுவிட்சைத் திறந்து வண்டிக்கு மின்சாரம் போவதையே நிறுத்திவிடும். கேம்ப்கிரவுண்டில் வருகிற தொல்லைகளில் பெரும்பாலானவை மின்னல் போல வருபவை அல்ல. மணிக்கணக்கில் நீடிக்கும் குறைந்த வோல்டேஜும், தளர்ந்த நியூட்ரலும், இல்லாத எர்த்துமே அதிகம். ஆகவே காசு போடுவதானால் இரண்டாவது வகைக்கே போட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

நான் வாங்கியது புரோகிரசிவ் இண்டஸ்ட்ரீஸ் நிறுவனத்தின் இ.எம்.எஸ்.-பி.டி.50எக்ஸ். பெடஸ்டலில் செருகித் தொங்கவிடும் வகை. விலை 400 டாலரை ஒட்டி வந்தது. 30 ஆம்பியர் வண்டிகளுக்கு பி.டி.30எக்ஸ் என்ற தம்பி உண்டு. ஒரு பக்கம் பிளக், மறுபக்கம் சாக்கெட், நடுவே தடித்த பெட்டி, அதில் ஒரு சிறு எண்திரை. அந்தத் திரை முதல் பேஸின் வோல்டேஜ், அதன் ஆம்பியர், இரண்டாம் பேஸின் வோல்டேஜ், அதன் ஆம்பியர், அலைவெண், பிழை எண், இதற்கு முன் வந்த பிழை எண் என்று ஒவ்வொன்றாக மாறி மாறிக் காட்டிக்கொண்டிருக்கும். பிழை 0 என்றால் நலம். 1 என்றால் பேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருக்கின்றன. 2 என்றால் எர்த் இல்லை. 3, 4 ஆகியவை முதல் பேஸில் வோல்டேஜ் மிகுந்தது அல்லது குறைந்தது. 5, 6 ஆகியவை இரண்டாம் பேஸுக்கு உரியவை. இவற்றுக்கான விளக்கம் பெட்டியின் மேலேயே ஒட்டப்பட்டிருப்பதால் கையேட்டைத் தேடி ஓட வேண்டியதில்லை.

வோல்டேஜ் 104-க்குக் கீழே இறங்கினாலும் 132-க்கு மேலே ஏறினாலும் கருவி துண்டித்துவிடும். இந்த எல்லைகள் சரியான இடத்தில்தான் வைக்கப்பட்டிருக்கின்றன. வீடுகளுக்கு வரும் மின்சாரம் வழக்கமாக 114-க்கும் 126-க்கும் இடையே இருக்க வேண்டும் என்பது அமெரிக்கத் தர விதி. 114-க்குக் கீழே வந்த உடனே துண்டிக்கும்படி வைத்தால் கோடையில் பாதி நாள் இருட்டில் உட்கார வேண்டியிருக்கும். 104-க்கும் கீழே விட்டாலோ ஏ.சி. கம்ப்ரசர் தன் ஆயுளைக் கரைத்துக்கொண்டு ஓடும். வோல்டேஜ் குறையக் குறைய மோட்டார் அதிக மின்னோட்டத்தை இழுத்துச் சூடாகும் என்பதை நம் ஊரில் ஸ்டெபிலைசர் இல்லாமல் ஃபிரிட்ஜ் ஓட்டியவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும்: இது ஸ்டெபிலைசர் அன்று. குறைந்த வோல்டேஜைத் தூக்கிக் கொடுக்காது. கதவைச் சாத்திவிட்டுக் காத்திருக்கும், அவ்வளவே. தூக்கிக் கொடுப்பதற்கு ஆட்டோஃபார்மர் என்ற வேறு கருவி இருக்கிறது. அது பெடஸ்டலில் இருந்து அதிக ஆம்பியரை இழுத்துத்தான் அந்த வேலையைச் செய்கிறது.

இந்தக் கருவி தன் விலையை மீட்டுத் தந்த நாளாக நான் கருதுவது ஒரு ஜூலை வார இறுதி. மத்திய டெக்சாஸில் ஓர் ஏரிக்கரை, எல்லா இடங்களும் நிரம்பிய கூட்டம். நண்பகலில் திரை 117 காட்டியது. மூன்று மணிக்கு 111. வெயில் உறைக்க உறைக்க அக்கம்பக்கத்து வண்டிகளின் ஏ.சி.க்கள் ஒவ்வொன்றாக உறுமத் தொடங்கின. நாலரை மணிக்கு 105. நான் திரையைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே 103 என்று ஒரு கணம் மின்னி, உள்ளே ‘டக்’ என்ற காண்டாக்டரின் ஓசை கேட்டது. அடுத்து பிழை 4. டிரெய்லருக்குள் இரண்டு ஏ.சி.யும் அடங்கின. வெளியே 100 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் வெயில்; பிள்ளைகளுக்கு அது மகிழ்ச்சியான தருணமாக இல்லை. ஆனால் நாங்கள் செய்ய வேண்டியது தெளிவாக இருந்தது. தண்ணீர் சூடேற்றியை மின்சாரத்தில் இருந்து கேஸுக்கு மாற்றினோம்; அது மட்டுமே சுமார் 1,400 வாட். ஃபிரிட்ஜையும் கேஸுக்கு மாற்றினோம். படுக்கையறை ஏ.சி.யை நிறுத்தினோம். வோல்டேஜ் 107-க்கு ஏறியதும் கருவி தானாகவே எண்ணத் தொடங்கி, 136 நொடிகள் கழித்து மீண்டும் மின்சாரத்தைத் திறந்தது. இரவு ஒன்பது மணிக்கு 119 ஆனபோது எல்லாவற்றையும் பழையபடி ஓடவிட்டோம்.

அந்த 136 நொடித் தாமதத்தைப் பற்றிக் கடைகளின் விமர்சனப் பகுதியில் பலர் குறைப்பட்டிருப்பதைப் பார்த்தேன். எனக்கு அதில் உடன்பாடில்லை. கம்ப்ரசர் நின்ற உடனே மீண்டும் கிளம்பினால் உள்ளே தேங்கிய அழுத்தத்தை எதிர்த்து முக்கிக்கொண்டு கிளம்பும். அந்த அழுத்தம் வடிய இரண்டு நிமிடமாவது வேண்டும். முதல்முறை செருகும்போதும் இந்தத் தாமதம் உண்டு என்பதால், கருவி பழுது என்று எண்ணிப் பிடுங்கிவிடாமல் பொறுமையாக நிற்க வேண்டும்.

பிழை 2-ஐ நான் ஒரே ஒருமுறை சந்தித்திருக்கிறேன். அதுதான் மூன்று ஆண்டுகளில் என்னை மிகவும் கலங்க வைத்தது. மரங்கள் அடர்ந்த ஒரு பழைய கேம்ப்கிரவுண்ட். முந்தின நாள் மழை பெய்து புல் நனைந்திருந்தது. செருகியதும் பிழை 2, மின்சாரம் இல்லை. அலுவலகத்தில் இருந்து வந்த பராமரிப்பாளர், நேற்று இரவு வரை இதே இடத்தில் வேறொரு குடும்பம் எந்தப் புகாரும் சொல்லாமல் தங்கியிருந்தது என்றார். அவர் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. எர்த் இல்லாவிட்டாலும் விளக்கு எரியும், ஏ.சி. ஓடும், எதிலும் குறை தெரியாது. ரப்பர் டயர்களின் மேல் நிற்கிற உலோக வண்டி அது. உள்ளே ஏதாவது ஒரு சாதனத்தில் கசிவு ஏற்பட்டால், அந்த மின்சாரம் போக வழியில்லாமல் வண்டியின் உடல் முழுவதிலும் ஏறி நிற்கும். நனைந்த புல்லில் வெறுங்காலோடு நின்று கதவின் கைப்பிடியைத் தொடுகிற குழந்தையின் உடல் அதற்கு வழியாகிவிடும். இங்கே இதை ‘ஹாட் ஸ்கின்’ என்கிறார்கள். முந்தின இரவு அந்தக் குடும்பத்துக்கு ஒன்றும் நேராதது அவர்கள் வண்டியில் கசிவு இல்லாததால் மட்டுமே. நாங்கள் வேறு இடம் கேட்டு மாறினோம். அந்தப் பெடஸ்டலில் எர்த் இல்லை என்று அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துவிட்டும் வந்தேன்.

இனி இதன் குறைகள். முதலாவதும் முக்கியமானதுமான ஒன்று, இந்த ஒரு மாதிரிக்கு மட்டும் உரியதன்று. பெடஸ்டலில் தொங்கும் எல்லாக் கருவிகளுக்கும் பொதுவானது. கருவி தனக்கு முன்னால் இருப்பதை மட்டுமே பார்க்கும். பெடஸ்டலில் நியூட்ரல் தளர்ந்தால் கண்டுபிடிக்கும். கருவியைத் தாண்டி, உங்கள் சொந்தக் கேபிளின் மறுமுனையில், வண்டியின் பக்கவாட்டில் திருகிப் பூட்டுகிற இணைப்பில் நியூட்ரல் கருகிப்போனால் அதற்குத் தெரியாது. தன் இடத்தில் 120, 120 என்று அளந்துகொண்டு நிம்மதியாக இருக்கும்; உள்ளே டி.வி. எரிந்துகொண்டிருக்கும். அந்தத் திருகு இணைப்பு அடிக்கடி சூடாகிக் கருகக்கூடிய இடம் என்பதால் இது ஏட்டளவு அச்சம் அன்று. இதே நிறுவனம் வண்டிக்குள் நிரந்தரமாகப் பொருத்தும் எச்.டபிள்யூ.50சி என்ற மாதிரியையும் விற்கிறது. அது கேபிள் வண்டிக்குள் நுழைந்த பிறகு வருவதால் கேபிளையும் திருகு இணைப்பையும் சேர்த்துக் கண்காணிக்கும். அதன் எண்திரையை உள்ளே சுவரில் மாட்டிக்கொள்ளலாம். களவு போகும் அச்சமும் இல்லை. பி.டி.50எக்ஸுக்குப் பூட்டு மாட்டும் வளையம் இருக்கிறது என்றாலும், விலையுயர்ந்த ஒரு பெட்டியை இரவெல்லாம் வெளியே தொங்கவிடுவது மனத்தின் ஓரத்தில் உறுத்திக்கொண்டுதான் இருக்கிறது.

இரண்டாவது குறை, வோல்டேஜ் எவ்வளவு என்று பார்க்க மழையிலும் வெயிலிலும் வெளியே போக வேண்டும். ஹியூஸ் நிறுவனத்தின் பவர் வாட்ச்டாக் கருவிகளில் ப்ளூடூத் இருப்பதால் படுக்கையில் இருந்தபடியே கைப்பேசியில் பார்க்கலாம். மின்தாக்கலை வாங்கிச் செத்துப்போன பகுதியை மட்டும் நாமே கழற்றி மாற்றவும் முடியும். அந்தத் தொடரில் துண்டிக்கும் வகையும் துண்டிக்காமல் காட்டும் வகையும் தனித்தனியே இருப்பதால், துண்டிக்கும் வகை வேண்டுமென்றால் பெயரில் ‘இ.பி.ஓ.’ (எமர்ஜென்சி பவர் ஆஃப்) என்று இருப்பதைப் பார்த்து வாங்க வேண்டும். இன்று புதிதாக, தொங்கும் வகையிலேயே வாங்க வேண்டும் என்று என்னைக் கேட்டால் அதையும் இதையும் அருகருகே வைத்துத்தான் யோசிப்பேன்.

மூன்றாவதாகச் சொல்வது குறை அன்று. எந்தக் கருவியும் தாண்ட முடியாத எல்லை. காண்டாக்டர் பேஸ் கம்பிகளைத் துண்டிக்கும். எர்த் கம்பியைத் துண்டிக்காது. கேம்ப்கிரவுண்டின் எர்த் கம்பியிலேயே வேறெங்கிருந்தோ மின்சாரம் ஏறி வந்தால், கருவி துண்டித்த பிறகும் அது உங்கள் வண்டியின் உடலுக்கு வந்து சேரும். இன்னொன்று: சில பழைய இடங்களில் எர்த் கம்பி இல்லாததை மறைக்க, சாக்கெட்டுக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்துவைத்திருப்பார்கள். அப்படி இணைத்த இடத்தில் பேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருந்தால், மின்சாரம் நேராக எர்த் முனையில் நிற்கும்; கருவியின் கணக்குக்கு 120 வோல்ட் ஒழுங்காகவே தெரியும். ஆகவே 20 டாலருக்குக் கிடைக்கும், தொடாமல் மின்சாரத்தை உணரும் பேனா வடிவச் சோதனைக்கருவி ஒன்றை நான் எப்போதும் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன். பெடஸ்டலில் இணைத்த பின் அதைக் கையில் பிடித்து, டிரெய்லரின் உலோக உடலுக்கு அருகே கொண்டுபோவேன். பேனா ஒலியெழுப்பினால் பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, பேனாவின் நுனி தவிர வேறெதுவும் வண்டியைத் தொடாமல் விலகிப்போய்ப் பெடஸ்டலில் பிரேக்கரை அணைத்து, பிளக்கையும் உருவிவிட வேண்டும்.

பழக்கத்தில் வந்த சில குறிப்புகள். பெடஸ்டலில் பிரேக்கரை அணைத்த பிறகே செருகவும் உருவவும் வேண்டும். 30 ஆம்பியர் மட்டுமே உள்ள இடங்களில், பெடஸ்டல் பக்கம் மாற்று இணைப்பானைப் போட்டு அதன்பின் இந்தக் கருவியை மாட்டினால் அது அப்படியே வேலை செய்யும். அப்போது இரண்டு பேஸ்களும் உண்மையில் ஒன்றே என்பதால், திரையில் தெரியும் இரண்டு ஆம்பியர் எண்களையும் கூட்டி 30-க்குள் வைத்துக்கொள்ள வேண்டும். வீட்டு ஜெனரேட்டரில் சோதித்துப் பார்ப்பவர்களுக்குப் பிழை 2 வந்தால் பதற வேண்டாம். சிறிய இன்வெர்ட்டர் ஜெனரேட்டர்கள் பலவற்றில் நியூட்ரலும் எர்த்தும் இணைக்கப்பட்டிருக்காது, கருவி அதைத்தான் சொல்கிறது. வீட்டு வாசலில் ஆர்.வி.க்கென்று 30 ஆம்பியர் சாக்கெட் புதிதாகப் போட்டவர்கள் மட்டும் எதையும் செருகுமுன் மல்டிமீட்டரால் அளந்துவிடுங்கள். அந்த மூன்று முனைச் சாக்கெட் 120 வோல்ட்டுக்கானது. துணி உலர்த்தும் எந்திரத்தின் சாக்கெட் என்று நினைத்து 240 வோல்ட் கொடுத்துவிடும் எலக்ட்ரீஷியன்கள் இன்றும் இருக்கிறார்கள். ஏ.சி. ஓடத் தொடங்கி அரை மணி நேரம் கழித்துப் பிளக்கை ஒருமுறை தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் அந்தச் சாக்கெட்டில் தங்கக் கூடாது. இந்தச் சூட்டைத் திரை காட்டாது.

3,580 ஜூல் என்று பெட்டியில் போட்டிருக்கும் சர்ஜ் அளவை, அதாவது எவ்வளவு மின்தாக்கலை வாங்கிக்கொள்ளும் என்பதை, வைத்துக் கருவிகளை ஒப்பிடுகிறவர்கள் உண்டு. மூன்று ஆண்டுகளில் எனக்கு உதவியது அந்த எண் அன்று. 104 என்ற எண்ணும், பிழை 2-உம்தான்.

டிரெய்லர் சொந்தமாக இருந்து, ஆண்டுக்குப் பத்து இரவுகளுக்கு மேல் வெளியே தங்குபவர்கள் உள்ளே பொருத்தும் மாதிரியை வாங்குங்கள். கம்பி வேலை தெரியாதவர்கள் ஆர்.வி. பழுதுபார்ப்பவரிடம் கொடுத்தால் ஒரு பிற்பகலில் முடித்துவிடுவார். வாடகை வண்டியில் போகிறவர்களுக்கும், ஓரிரு ஆண்டில் வண்டியை மாற்றும் எண்ணம் உள்ளவர்களுக்கும் பி.டி.50எக்ஸ் சரியான தேர்வு. வரும் கோடைக்கு முன் நான் எச்.டபிள்யூ.50சி பொருத்திக்கொள்ளப் போகிறேன். இந்தத் தொங்கும் கருவியை, சென்ற மாதம் முதன்முறையாக டிரெய்லர் வாங்கிய டாலஸ் நண்பர் குடும்பத்துக்குக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறேன். அவர்கள் வண்டியும் 50 ஆம்பியர்தான்.